எரியாத விறகு

இருட்டிய கொஞ்ச நேரத்தில் மடத்தின் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கனமான எதையோ பாறைமேல் போட்டு இழுப்பதுபோல. இழுத்தது. நின்றது. ஒரு பெருமூச்சு கேட்டது. மறுபடியும் இழுத்தது.

அமைச்சர் சேந்தன் பலகையிலிருந்து எழுந்துவிட்டார்.

"கரடியா தாயே?"

மடத்தலைவி தயாபரி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கரடி இவ்வளவு அலுத்துக்காது. உட்காருங்க. கேட்க வந்ததைக் கேளுங்க."

சேந்தனுக்கு அம்மையைவிடப் பத்து வயது கூட. ஆனாலும் தாயே என்றுதான் அழைப்பார். நாட்டின் வரி முழுவதும் அவர் பொறுப்பு. மனது ஒரு முடிவுக்கு வராதபோதெல்லாம் இந்த மலைக்கு வந்து, இந்த அடுக்களையில், இந்தப் பலகையில் உட்காருவார். தயாபரி அம்மை அறிவுரை சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. கை வேலை செய்யும், காது உங்களிடம் இருக்கும். அவர் கேட்கிற விதத்திலேயே பாதிப்பேர் பதிலோடு இறங்கிப் போயிருக்கிறார்கள்.

"நாட்டில வியாபாரம் செய்யறவங்க எல்லாரும் லாபத்தில பத்துக்கு மூணு அரண்மனைக்குக் கட்டறாங்க," என்றார் சேந்தன். "கரி சுடறவங்களும் எண்ணெய் ஆட்டறவங்களும் மட்டும் கட்டறதில்ல. அவங்களுக்கு விலக்கு."

"எதுக்கு?"

"எங்க தாத்தா காலத்தில காட்டுக்குள்ள புலி. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய்த்தான் கரி சுட்டாங்க, எண்ணெய்க்கு விதை பொறுக்கினாங்க. விலக்கு கொடுத்தாத்தான் ஆள் போவாங்கன்னு அன்னிக்கு ராஜா கொடுத்தார். அது தப்பில்ல."

"இப்ப?"

"இப்ப காட்டுக்குள்ள வண்டிப் பாதை. புலியை நேர்ல பார்த்தவன்னு ஊர்ல ஒருத்தன் கிடையாது. தலைநகரத்தில இருக்கிற பெரிய மாளிகையெல்லாம் கரிக்காரங்களோடது."

"அவங்க இறக்கி வச்சதை யாரு சுமக்கறா?"

"மத்தவங்கதான். குயவர், தச்சர், சாயம் போடறவங்க. குயவர் தெருவில சக்கரத்தையெல்லாம் கழட்டி வண்டியில ஏத்திட்டாங்க தாயே. ஆத்துக்கு அந்தப் பக்கம் வரி குறைச்சல். நாளைக்குக் கிளம்பறாங்க. அவங்க போனா மத்த தெருவும் பின்னாடியே போயிடும்."

அம்மை ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். நார் இருந்தது. தள்ளிப் போட்டார்.

"நீங்க என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"மூணை ரெண்டாக் குறைக்கணும். விலக்கை எடுத்துடணும். யாரா இருந்தாலும் ஒரே அளவு. அரண்மனைக்கு வர்றது குறையாது, நல்லாப் பார்த்துட்டேன். ராஜாவும் உன் இஷ்டம்னு சொல்லிட்டார்."

"நல்லாத்தானே இருக்கு. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"கரிக்காரங்களுக்குத் தலைவன் காளத்தி."

"உங்க மச்சான்."

"ஆமா. நேத்து வீட்டுக்கு வந்தான். 'விலக்கை எடுத்தா கரி வராது அத்தான். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில அடுப்பு எரியாது, பால் காயாது. அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்'னான். அவன் அக்கா கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு அழறா. அதுல இருந்து எனக்கு எந்த முடிவும் எடுக்க முடியல." சேந்தன் பலகையில் முன்னால் நகர்ந்தார். "ஒண்ணை மட்டும் செய்யட்டுமா? வரியைக் குறைச்சுட்டு, விலக்கைத் தொடாம விட்டுடறேன்."

"கஜானா?"

"காலியாகும்."

"சரி, விலக்கை மட்டும் எடுங்க. வரி அப்படியே இருக்கட்டும்."

"குயவர் வண்டி கிளம்பிடும்."

"அப்ப ஒண்ணு மட்டும்கிற பேச்சே இல்ல."

"இல்ல தாயே. ஆனா ரெண்டையும் சேர்த்துச் செய்ய எனக்குத் தைரியம் இல்ல."

வெளியே மறுபடியும் சத்தம். இப்போது சுவருக்குப் பக்கத்தில்.

தயாபரி அம்மை கீரையை மூடி வைத்துவிட்டு விளக்கை எடுத்தார்.

"வாங்க. உங்க கரடியைப் பார்த்துட்டு வரலாம்."

அந்த மலைமேல் தண்ணீர் கிடையாது. ஊற்று அடிவாரத்தில். மடத்தில் தங்குகிறவர்கள் தினமும் ஆளுக்கு இரண்டு குடம் சுமந்து, படியேறி, முன்வாசல் வழியாக வரவேண்டும். விறகு கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும் தண்ணீர் சுமக்கும் வேலை இல்லை. அவர்கள் பின்வாசல் வழியாக வரலாம். முன்பிருந்த தலைவி செய்த ஏற்பாடு அது. அப்போது மலை மொட்டை. விறகு வேண்டுமென்றால் அடுத்த மலைக்குப் போகவேண்டும். இப்போது மரங்கள் பின்சுவர்வரை வந்துவிட்டன. ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது. அரண்மனை ஆட்கள் வந்தாலும் பின்வாசல்தான். பல்லக்குப் பாதை அந்தப் பக்கம்.

பின்வாசலில், மடத்தில் தங்கியிருக்கும் மாசானம் என்ற பெரிய உடம்புக்காரர் நின்றிருந்தார். தோளில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு விறகுக் கட்டை. அது நிலைப்படியைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

"என்ன மாசானம், விறகு வெளியே போகுது?" என்றார் அம்மை.

"காலையில வந்துடும் தாயே. கவலையே படாதீங்க."

சேந்தன் குனிந்து பார்த்தார். கட்டையில் பட்டை என்பதே இல்லை. உரல்போல வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கயிறு பதிந்த இடத்தில் பள்ளம்.

"இது எத்தனை நாளா வந்து போகுது?"

"மூணு வருஷமா ஐயா. அசல் வேங்கை." மாசானம் கட்டையைக் கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோலத் தட்டினார். "மத்தவங்களது எல்லாம் வெறும் முருங்கை. அதையெல்லாம் விறகுன்னே சொல்லக்கூடாது."

"இவ்வளவு நல்ல விறகை எரிச்சிருக்கலாமே?"

மாசானம் அமைச்சரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எரிச்சுட்டா நாளைக்கு எதைங்கய்யா கொண்டு வர்றது?"

"அப்ப அடுப்புல எரியறது எது?"

"அதுவா? முன்வாசல்காரங்க தண்ணி தூக்கிட்டு வர்ற வழியில சுள்ளி பொறுக்கிட்டு வருவாங்க."

சேந்தனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

முன்வாசல் பக்கமிருந்து பூவாயி வந்தாள். மடத்துக்கு வந்து சில மாதமே ஆன இளம்பெண். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். குழந்தையை முதுகில் துணியால் கட்டியிருந்தாள். அதன் தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. குடங்களை அண்டாவில் கவிழ்த்ததும் முதல் வேலையாகக் குழந்தையை முன்னால் இழுத்து, அதன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

"வழுக்கிச்சா?" என்றார் அம்மை.

"ரெண்டு இடத்தில தாயே. எனக்கென்ன, விழுந்தா எழுந்துக்குவேன். இவன் முதுகில இருக்கான். நான் மல்லாந்து விழுந்தேன்னா..." அவள் முடிக்கவில்லை. "ஒரு குடம்னா இவனை இடுப்பில வச்சுக்குவேன்."

"நீயும் ஒரு குச்சியை இழுத்துட்டுப் பின்வாசல் வழியா வந்துடேன் தங்கச்சி," என்றார் மாசானம். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"நானும் குச்சி இழுத்தா இவன் எதைக் குடிப்பான் அண்ணே?"

தயாபரி அம்மை விளக்கை மாடத்தில் வைத்தார்.

"பின்வாசல்ல வர்றவங்களும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்தா, யாருக்கும் ரெண்டு வேண்டியதில்ல. நாளையிலிருந்து எல்லாருக்கும் ஒரு குடம். இந்தக் கதவை அடைச்சுடலாம்."

மாசானம் பதறிப்போனார். "தாயே! கதவை அடைச்சா விறகு வராது. இந்தப் பச்சைக் குழந்தைக்குக் கஞ்சி எப்படிக் காயும்? அந்தப் பாவம் உங்களைத்தான்..."

"இதை யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?" என்றார் சேந்தன்.

"எதைங்கய்யா?"

"இப்ப சொன்னதை. நேத்து என் மச்சான் இதேதான் சொன்னான். ஒரு சொல் மாறல."

"பெரிய மனுஷங்க எல்லாம் ஒரே மாதிரிதான் யோசிப்போம் ஐயா."

பூவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சேந்தன் அம்மையின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு தெரிஞ்சும் ஏன் தாயே இத்தனை நாள் அடைக்கல?"

"ஒருதடவை அடைக்கப் பார்த்தேன். மாசானமும் கூட்டமும் சண்டைக்கு வந்தாங்க. முன்வாசல்காரங்க யாரும் எனக்காகப் பேசல. ஏன் பேசலைன்னு இன்னிக்குத்தான் புரியுது. நான் கதவைப் பத்தி மட்டுமே நினைச்சேன். குடத்தைக் குறைக்கணும்னு தோணவே இல்ல. நீங்க சொல்லித்தான் தெரிஞ்சது."

"நான் சொல்ல வரலையே தாயே, கேட்கத்தான் வந்தேன்."

"கேட்கும்போதே சொல்லிட்டீங்க."

அத்தனை பேர் கும்பிடுகிற தலைவி, கீரைக் கறை படிந்த விரல்களோடு நின்று, தனக்குத் தோன்றாமல் போனதை இருமலைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். சேந்தன் கதவின் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினார்.

"நானே அடைக்கிறேன் தாயே."

"கொஞ்சம் பொறுங்க. இன்னிக்கு நீங்க எந்த வழியா வந்தீங்க?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

சேந்தன் பட்டு மேல்துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். பூவாயி வைத்திருந்த குடங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். மடத்தைக் குறுக்கே நடந்து முன்வாசலைத் தாண்டி இருட்டில் படியிறங்கினார்.

மாசானம் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார்.

"அமைச்சரே போறார். நான் மட்டும் இங்க நின்னா நல்லாவா இருக்கு?"

அவர் கயிற்றைக் கட்டைமேல் போட்டுவிட்டு இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது அமைச்சரின் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. குடத்தில் பாதிதான் இருந்தது.

"வழியெல்லாம் சிந்திடுச்சு தாயே."

"முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான்."

பின்னாலேயே மாசானம், தளும்பத் தளும்ப. முகத்தில் பெரிய ஆச்சரியம். "தாயே, கட்டையைவிடக் குடம் லேசா இருக்கு! மூணு வருஷத்தில ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா அண்ணே?" என்றாள் பூவாயி. குழந்தை இப்போது அவள் இடுப்பில் இருந்தது. அவள் சிரித்ததில் அது விழித்துக்கொண்டது.

சேந்தன் தண்ணீரை அண்டாவில் ஊற்றினார். கடைசிச் சொட்டு விழும்வரை குடத்தைப் பிடித்திருந்தார்.

"காலையில முரசு அறையச் சொல்றேன் தாயே. குயவர் வண்டி நகர்றதுக்குள்ள. பத்துக்கு ரெண்டு."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். காளத்திக்கும்."

"வீட்டில?"

"அழுவா." கொஞ்சம் யோசித்தார். "பக்கத்தில உட்கார்ந்திருப்பேன்."

பின்வாசலுக்குப் போனார். கதவை இழுத்துச் சாத்தினார். கட்டை வெளியே கிடந்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. அதை யாரும் போட்டதே இல்லை. அதன்மேல் இரண்டு கையையும் வைத்தவர், தள்ளாமல் திரும்பினார்.

"நாளைக்கு நிஜமாவே விறகு வராமப் போச்சுன்னா?"

மாசானம் அம்மையைப் பார்த்தார். பூவாயியும் பார்த்தாள், குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. இதை முதலில் கேட்டிருக்கவேண்டியவள் அவள்தான்.

"வராமப் போனா இவன் அழுவான்," என்றார் தயாபரி அம்மை. "அழற சத்தம் கேட்டதும் நான் எழுந்து போய் வெட்டிட்டு வருவேன். முன்வாசல் வழியா. இடுப்பில ஒரு குடத்தோட."

சேந்தன் மறுபடியும் தாழ்ப்பாள் பக்கம் திரும்பினார். இரண்டு கையாலும் தள்ளினார். தாழ்ப்பாள் முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தது.