முயல் கேட்ட இரண்டாவது சத்தம்

ஒரு காட்டில் பெரிய பாறை ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு வளை. வளைக்குள் ஒரு தாய் முயலும் அதன் நான்கு குட்டிகளும் இருந்தன. குட்டிகள் பிறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் கண் திறக்கவில்லை.

இந்த முயலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. அதற்குப் பயம் அதிகம். சருகு விழுந்தால் ஓடும். ஓணான் தலையாட்டினால் ஓடும். இடி இடித்தாலோ இரண்டு நாளைக்குப் புல்லைத் தொடாது. அதனால் காட்டில் யாரும் அதன் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் இந்த முறை அது பயந்ததில் நியாயம் இருந்தது. ஐந்து செந்நாய்கள் வளையை மோப்பம் பிடித்துவிட்டன. பாறையின் நிழல் எதிரே இருக்கும் கறையான் புற்றைத் தொடும் நேரத்துக்குத் தினமும் வந்துவிடும். சிறுத்தைக்குப் பயந்து இருட்டுமுன் போய்விடும். அதுவரை தோண்டிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் தோண்டியதில் குட்டிகளுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு முழ மண்தான் மிச்சம் இருந்தது.

குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு ஓடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முயலும் அதை நினைத்துப் பார்த்தது. ஒன்றைத் தூக்கிப் போகும்போது மற்ற மூன்றை யார் பார்த்துக்கொள்வது? மேலே பருந்து வேறு வட்டமிட்டுக்கொண்டிருந்தது. முயல் பாறைக்கு மேலே ஓடி, தேன் தின்றுகொண்டிருந்த கரடியிடம் அழுதது.

கரடிக்குப் பலம் அதிகம், பொறுமை குறைவு. செந்நாய்களோடு அது ஏற்கெனவே ஒருமுறை மோதியிருக்கிறது. ஒன்று முன்னால் நின்று உறும, நான்கு பின்னால் வந்து கடித்தன. அந்தக் காயம் ஆறாததால் கரடி இன்னும் ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்தது. "கிட்டப் போனா நம்ம கதை முடிஞ்சிடும்" என்று கரடி கையை விரித்தது.

பக்கத்து மரத்தில் ஒரு குரங்கு இருந்தது. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத குரங்கு. "கிட்டப் போகவே வேணாம். நான் ஒரு வில் செஞ்சு தர்றேன்" என்றது.

குரங்கு வில் செய்யக் கற்ற கதையையும் கேளுங்கள். மலைச்சரிவில் மனிதர்கள் வில் செய்வதை அது ஓர் உயர்ந்த இலுப்பை மரத்தின் உச்சியிலிருந்து பார்த்திருக்கிறது. அவர்கள் கை செய்ததெல்லாம் அத்துப்படி. ஆனால் அவ்வளவு உயரத்தில் ஒரு சத்தமும் அதன் காதுக்கு எட்டவில்லை. நடுநடுவே அவர்கள் வில்லைக் காதருகே கொண்டுபோய்த் தலையைச் சாய்த்தார்கள். ஒரு பஞ்சு உருண்டையால் வில்லின் முதுகை மெல்லத் தடவினார்கள். வில்லுக்குக் காட்டும் மரியாதை போலிருக்கிறது என்று குரங்கு நினைத்துக்கொண்டது.

அன்று காலையிலேயே வேலை தொடங்கியது. குரங்கு புளியங்கிளை ஒன்றை ஒடித்து வந்து கூரான கல்லால் சீவியது. இரண்டு முனையிலும் பள்ளம் வெட்டியது. கற்றாழை நாரைத் திரித்து நாண் கட்டியது. ஒரு மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி அம்பும் செய்தது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் வில்லைக் காதருகே கொண்டுபோய், பெரிய மனிதரைப் போலத் தலையைச் சாய்த்துவிட்டுக் கீழே வைத்தது. எதற்கு என்று அதற்கே தெரியாது.

உச்சி வெயில் சாய்ந்தபோது வில் தயாரானது. இழுப்பதற்குக் கரடியால்தான் முடியும். கரடி நாணைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தது.

"கிரீ...ச்" என்றது வில்.

கரடி வில்லைப் போட்டுவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றது. குரங்கு மரத்தில் ஏறிவிட்டது. முயல் எங்கே ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து ஒரு புதரிலிருந்து இரண்டு காதுகள் மட்டும் வெளியே வந்தன.

இந்த வில்லில் ஏதோ கெட்டது புகுந்திருக்கிறது, தூக்கி எறிந்துவிட்டு வேறு செய் என்று கரடி சொன்னது. வேறு செய்ய நேரம் ஏது? நிழல் புற்றுக்கு ஐந்து முழம் தள்ளித்தான் இருந்தது. குரங்கு மெதுவாக இறங்கி வந்து, சத்தத்துக்குக் காரணம் என்ன என்று ஆராயத் தொடங்கியது.

முதலில் கரடியின் நகம் வில்லில் உரசுகிறதோ என்று சந்தேகப்பட்டது. கைப்பிடியில் தேக்கிலை சுற்றி இழுக்கச் சொன்னது. மறுபடியும் கிரீச். பிறகு முனையில் வெட்டிய பள்ளத்தைக் கூர்ந்து பார்த்தது. இழுக்கும்போதெல்லாம் நாண் அந்தப் பள்ளத்தில் தேய்ந்து நகர்ந்தது. குரங்கு கரடியிடம் கொஞ்சம் தேன்மெழுகு கேட்டு வாங்கி இரண்டு பள்ளத்திலும் பூசியது. கரடி இழுத்தது. சத்தம் நின்றுவிட்டது.

குரங்குக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா என் வேலையை என்று வாலைத் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றி வந்தது. கரடி நிம்மதியாக ஒருபக்கமாக உட்கார்ந்து மிச்ச மெழுகைத் தின்றது.

முயல் மட்டும் அசையாமல் நின்றது. "அண்ணே, இன்னொரு சத்தம் இருக்கு" என்றது.

"என்ன சத்தம்?" என்றது கரடி.

"டிக்குன்னு. ரொம்பச் சின்னதா."

கரடி சிரித்தது. சருகு விழுந்தாலே ஓடுகிறவளுக்கு டிக் என்றும் கேட்கும், டொக் என்றும் கேட்கும் என்றது. குரங்குக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டுச் சத்தத்தை நிறுத்தியிருக்கிறேன், இப்போது வந்து இல்லாத சத்தத்தைச் சொல்கிறாயே என்று கடிந்துகொண்டது. நிழல் புற்றுக்கு மூன்று முழம் தள்ளி நின்றது.

முயல் கீழே இருக்கும் வளையை எட்டிப் பார்த்தது. நேரத்தை வீணாக்கினால் போவது அதன் குட்டிகள்தான். வில் ஒடிந்தாலும் போவது அதன் குட்டிகள்தான். அது தன்னையே சந்தேகப்பட்டது. வாழ்நாளெல்லாம் ஒன்றுமில்லாததற்கு ஓடியிருக்கிறோமே, இந்த டிக் வில்லில் இருக்கிறதா, நம் பயத்தில் இருக்கிறதா என்று அதற்கே புரியவில்லை.

அப்போது அதற்கு ஒரு யோசனை வந்தது. இன்னும் இரண்டே தடவை இழுத்துக் காட்டும்படி கரடியைக் கெஞ்சியது. முதல் தடவை தன் நீண்ட காதுகளை மடித்து முன்னங்கால்களால் இறுக்கிப் பொத்திக்கொண்டது. ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை காதுகளை விரித்து வில்லின் மேலேயே வைத்தது. கேட்டது.

பயத்தில் கேட்கிற சத்தமாக இருந்தால் காதைப் பொத்தினாலும் கேட்குமே என்று முயல் எண்ணியது. இது வில்லில்தான் இருக்கிறது.

"கரடியண்ணே, இதை இப்படியே இழுக்காதீங்க. ஒடிஞ்சிடும்" என்றது. அதன் குரல் நடுங்கியது. ஆனாலும் ஓடவில்லை.

பேசிக்கொண்டே முயல் திரும்பியபோது அதன் வால் வில்லின் முதுகில் உரசியது. சும்மா உரசிப் போகவில்லை. ஓரிடத்தில் சுருக்கென்று மாட்டிக்கொண்டது. இழுத்ததும் வெள்ளை மயிர் கொஞ்சம் அங்கேயே ஒட்டி நின்றது. குரங்கு குனிந்து பார்த்தது. ஒரு கணுவுக்குப் பக்கத்தில் மரம் பிளந்து மயிரிழை அளவுக்கு ஒரு சிலாம்பு தூக்கிக்கொண்டிருந்தது. மயிர் ஒட்டியிருக்காவிட்டால் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

குரங்கின் முகம் வெளிறிவிட்டது. மலைச்சரிவு மனிதர்கள் பஞ்சால் தடவியது எதற்கு என்று அதற்கு இப்போதுதான் விளங்கியது. காதருகே வைத்துத் தலையைச் சாய்த்ததும் மரியாதைக்காக அல்ல.

"நான் பார்த்துக் கத்துக்கிட்டேன், கேட்டுக் கத்துக்கல. தப்பு என்னோடதுதான், முயலக்கா" என்றது குரங்கு.

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. நிழல் புற்றுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. வில்லின் ஒரு பாதி விறைப்பாக இருந்ததால் மறுபாதி மட்டும் அளவுக்குமேல் வளைந்து அந்தக் கணுவில் நெரிந்திருந்தது. குரங்கு விறைத்த பாதியைச் சரசரவென்று சீவியது. சிலாம்பை அமுக்கி, ஈர நாரை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியது. கரடி தன் வாயிலிருந்த மெழுகையே எடுத்து அதன்மேல் பூசியது.

குரங்குக்கு இன்னொரு கவலை இருந்தது. இனிமேல் இந்த வில்லைக் காதுவரை இழுக்கக் கூடாது, நெஞ்சுவரைதான் இழுக்கலாம். அப்படி இழுத்தால் அம்பு தூரம் போகாது. செந்நாய்கள் வளை வாசலுக்கே வந்த பிறகுதான் விட முடியும்.

இதைச் சொல்லிவிட்டுக் குரங்கு முயலைப் பார்த்தது. முயல் கண்களை மூடித் திறந்தது. "வரட்டும்" என்றது.

நிழல் புற்றைத் தொட்டது. செந்நாய்கள் வந்தன.

ஐந்தும் நேராக வளைக்குத்தான் போயின. தலைவன் முன்னங்கால்களால் மண்ணை வாரி வீசியது. பாறைமேல் கரடி அம்பைத் தொடுத்து நின்றது. முயல் வில்லின் மேல் காதை வைத்துக்கொண்டது. அந்தக் காதில் வில்லின் சத்தம், மறு காதில் தன் வீட்டை யாரோ தோண்டும் சத்தம். கீழிருந்து ஒரு குட்டி மெல்லக் கீச்சிட்டது.

கரடி பதறிப்போய் நாணை வெடுக்கென்று இழுக்கப் பார்த்தது. "மெதுவா" என்றது முயல். கரடி மெதுவாக இழுத்தது. டிக் இல்லை. இன்னும் கொஞ்சம் என்றது முயல். டிக் இல்லை. நாண் கரடியின் நெஞ்சைத் தொட்டது.

"போதும். விடுங்க."

அம்பு தலைவனின் காதைக் கிழித்துக்கொண்டு மண்ணில் ஆழமாய்க் குத்தி நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை, ஆனால் ஏதோ கடித்துவிட்டது. தலைவன் ஊளையிட்டுக்கொண்டு ஓட, மற்ற நான்கும் காரணம் கேட்காமல் அதன் பின்னால் ஓடின. அந்தப் பாறைப் பக்கம் பிறகு அவை தலைகாட்டவே இல்லை.

ஒரு வாரம் போனது. முயல் வளை வாசலில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டிகள் கண் திறந்திருந்தன. பாறைமேல் கரடி பொழுது போகாமல் வில்லை எடுத்து இழுத்துப் பார்த்தது. பள்ளத்திலிருந்த மெழுகு காய்ந்து உதிர்ந்திருந்தது.

"கிரீ...ச்" என்றது வில்.

கரடி வில்லைப் போட்டுவிட்டு ஓடியது. குரங்கு மரத்தில் ஏறிவிட்டது. முயல் ஒரு காதை மட்டும் திருப்பிக் கேட்டுவிட்டு, பால் கொடுப்பதைத் தொடர்ந்தது.

நீதி: பெரிய சத்தம் அடங்கியதும் நிம்மதி அடைந்துவிடாதே, சின்னச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்.