விரிசலுக்குத் தண்ணீர் காட்டியவர்

"மூணு வாரமா இந்த விரிசல் எனக்குத் தண்ணி காட்டுது, டீச்சரம்மா" என்றார் சவரிமுத்து மேஸ்திரி.

"நீங்க அதுக்குத் தண்ணி காட்டினீங்களாண்ணே?" என்றாள் மங்கை.

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் ஞாயிறுதோறும் கொத்தனார்களுக்குக் கான்கிரீட் பாடம் எடுப்பவள் அவள். முதல் நாளிலிருந்தே முன்பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற மாணவர் அவர். கேலி செய்ய இதுவா நேரம்?

விரிசல் விழுந்திருந்தது அவர் கட்டிய புதுத் தொட்டியில்; ஊருக்கே குடிதண்ணீர் தரப்போகிற தொட்டி அது. இன்னும் ஒரு மாதத்தில் சோதனை அதிகாரி வருகிறார். ஒழுகினால் சுவரை இடிக்கச் சொல்லிவிடுவார். மேஸ்திரி கட்டிய சுவரை இதுவரை யாரும் இடித்ததில்லை.

"இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"தண்ணி ரொப்பினேன். வெளிச்சுவர்ல ஈரம் கண்டுச்சு. நாலு பேர் பார்க்கிறதுக்குள்ள தண்ணியத் திறந்து விட்டுட்டேன். நல்லா காயவச்சு, சிமென்ட்டுப் பால் தடவினேன். திரும்ப ரொப்பினேன். திரும்ப ஈரம்."

"எத்தனை தடவை?"

"மூணு."

"விரிசல்ல நகம் நுழையுமா?"

"நகமா! தலைமுடி நுழைஞ்சாலே பெரிசு."

மங்கை உள்ளே போய் மூன்று சிமென்ட் கிண்ணங்களைக் கொண்டுவந்தாள். மூன்றின் அடியிலும் மயிரிழை விரிசல்.

"மூணுக்கும் ஒரே நாள்லதான் விரிசல் விழுந்துச்சு" என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள்.

மேஸ்திரி முதல் கிண்ணத்தில் ஊற்றினார். தண்ணீர் அவர் மடியில் ஒழுகியது.

"இது அலமாரியில கிடந்தது."

இரண்டாவதில் ஊற்றினார். அதுவும் ஒழுகியது.

"இது ஈரச் சாக்குக்குப் பக்கத்துல இருந்தது. ஈரக்காத்து மட்டுந்தான்."

மூன்றாவதில் ஊற்றிவிட்டுக் காலை விலக்கிக்கொண்டார். ஒரு சொட்டு விழவில்லை. கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கி அடியைப் பார்த்தார். விரிசல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற உப்பு மாதிரி.

"என்ன பூசினீங்க?"

"ஒண்ணும் பூசலை."

"இது எங்க இருந்துச்சு?"

மங்கை கிண்ணத்தை வாங்கி, உள்ளே அது கிடந்த தண்ணீர் வாளிக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

அன்றைக்கே மேஸ்திரி தொட்டியை ரொப்பினார். ஈரம் கண்டது. நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசி, தண்ணீரைத் திறந்துவிடும் வால்வில் கை வைத்தார். வாளிக்குள் போன கிண்ணம் ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "ஓட்டைப் பானையில தண்ணி பிடிக்கிறாருடோய்" என்றார்கள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் காலையில் எழுந்ததும் கால் தானாகத் தொட்டிப் பக்கம் போனது.

ஒரு கரித்துண்டால் ஈரத்தின் ஓரமாகக் கோடு போட்டார். நான்காம் நாள் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. எட்டாம் நாள் கோட்டுக்குள்ளே ஒடுங்கியிருந்தது. அவர் இன்னொரு கோடு போட்டார். பிறகு இன்னொன்று. சாப்பாட்டை மறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவரை மனைவி வந்து கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அதிகாரி வந்த அன்று தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. வெளிச்சுவர் காய்ந்து கிடந்தது. கரிக்கோடுகளுக்கு நடுவே நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள்.

அதிகாரி விரலால் தடவிப் பார்த்தார்.

"விரிசல் விழுந்த இடமாச்சே. என்ன மருந்து பூசினீங்க, மேஸ்திரி?"

"மருந்தெல்லாம் இல்லீங்க. தண்ணி காட்டினேன்."

அதிகாரியின் பேனா நின்றது.

"யாருக்கு? எங்களுக்கா?"

"விரிசலுக்குங்க."