கொம்மையூர் ரவுண்டானா

புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. கொம்மையூரில் கொஞ்சம் அதிகப்படி.

அங்கே நாலு ரோடு கூடுமிடத்தில் ரவுண்டானா கட்டிமுடித்த இன்ஜினியர், ஊர்த்தலைவர் இருளாண்டியிடம் கறாராகச் சொன்னார்: "உள்ளே ஏதாவது இருந்தா அதுக்குத்தான் முதல் வழி. அது வெளியே போன பிறகுதான் நீங்க நுழையணும். ஒரு மாசம் கழிச்சு வந்து மார்க் போடுவேன். ஒரு விபத்து நடந்திருந்தாலும் இதை இடிச்சுட்டு பக்கத்து ஊர் மேலக்கரைக்குக் கட்டிக் கொடுத்துடுவேன்."

மேலக்கரைத் தலைவர் தன் ஊருக்குத் தண்ணீர் டேங்க் வந்ததிலிருந்தே இருளாண்டிக்கு வணக்கம் வைப்பதில்லை. ரவுண்டானாவும் போய்விட்டால் எந்த மூஞ்சியோடு சந்தைக்குப் போவது?

மறுநாள் காலை மாயக்காளின் வெள்ளாடு ரவுண்டானா நடுவில் ஏறி நிம்மதியாகப் புல் மேய்ந்தது. டவுன் பஸ் நின்றது. செங்கல் லாரி நின்றது. நாலு ரோட்டிலும் எல்லாமே நின்றன.

"விரட்டிவிட்டா என்னப்பா?" என்றார் இருளாண்டி.

"விரட்டுறவன் உள்ளே நுழையணுமே, தலைவரே?" என்றார் பஸ் டிரைவர் பரமன்.

நியாயம்தான். "மாயக்கா, இங்கேயிருந்தே கூப்பிடேன்."

"கூப்பிடாமலா இருப்பேன்? நேத்து அடிச்சதுல கோவிச்சுக்கிட்டு இருக்கு."

மத்தியானம் வரை யோசித்தார்கள். கடைசியில் பரமனுக்குத்தான் மூளை வேலை செய்தது. "ரவுண்டானாவைச் சுத்தி வெளிப்பக்கமா பெரிசா ஒரு வட்டம் போட்டுட்டா?"

எல்லாரும் கை தட்டினார்கள். மண்வெட்டியோடு இறங்கி, ரெண்டே நாளில் ரோடு போட்டார்கள். பார்த்தால், புது வட்டத்துக்குள் டீக்கடை இருந்தது.

"டீக்கடை எப்போ வெளியே போகும்?" என்று பரமன் கவலையோடு கேட்டார்.

போகிற மாதிரித் தெரியவில்லை. அதையும் சுற்றி இன்னொரு வட்டம். அதற்குள் பள்ளிக்கூடம் மாட்டிக்கொண்டது. இருளாண்டி ராப்பகல் பார்க்காமல் வெட்டச் சொன்னார். மாதம் முடிவதற்குள் வட்டம் ஊர் எல்லையைத் தொட்டது.

இன்ஜினியர் வந்தார். எல்லையில் ஜீப்பை மறித்து, உள்ளேயிருந்து இருளாண்டி கத்தினார்: "நுழையாதீங்க சார்! உள்ளே நாங்க இருக்கோம்!"

"யோவ், எப்போய்யா வெளியே வருவீங்க?"

"எங்களுக்கு முன்னாடியே ஆடு வந்துடுச்சு சார். அது போகட்டும், வர்றோம். ஆனா ஒரு விபத்துகூட நடக்கலை!"

இன்ஜினியர் விசாரித்தார். உண்மைதான். வண்டி ஓடினால்தானே மோதும்! வேறு வழியில்லாமல் நூற்றுக்கு நூறு போட்டார்.

அந்தக் காகிதத்தை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே! உள்ளே நுழைய முறை வரட்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்த மேலக்கரைத் தலைவருக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார்.