படத்தில் இல்லாத கால்

டிரங்க் கால் போட்டுக் கத்திப் பேசிய அந்தக் காலத்தில், எங்கள் ஊர் கேஸ் ஆலைக்குத் தணிகாசலம் என்றொரு பெரிய இன்ஜினியர் இருந்தார். அங்கே கம்ப்ரசர் ஓடினால் கேஸ் பைப் கிடுகிடுவென்று ஆடும். ஆடி ஆடி வெல்டிங் இரண்டு தடவை விரிசல் விட்டுவிட்டது. பைப்புக்கு அடியில் ஒரு தாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டார் பிட்டர் சந்தனமாரி.

“வரைபடத்துல இல்லாதது எதுவும் என் ஆலையில இருக்கக் கூடாது! பைப் எங்கேய்யா ஆடுது? இப்பவே காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்க, பைப்மேல் வலது காலைத் தூக்கி ஊன்றிக்கொண்டு முழங்கினார் தணிகாசலம். திட்டும்போதெல்லாம் அவர் அப்படித்தான் நிற்பார். பைப்பும் பெட்டிப்பாம்பாகக் கிடந்தது.

சந்தனமாரி தன் டீ கிளாஸை அதே பைப்பில் பக்கத்திலிருந்த வால்வின் தலையில் வைத்தார். டீ அசையவில்லை.

“சார், காலைக் கொஞ்சம் எடுங்க.”

எடுத்தார். டீ தளும்பி தணிகாசலத்தின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

“இப்ப வையுங்க சார்.”

வைத்தார். டீ அடங்கியது.

“நல்ல தாங்கிதான் சார். ஆனா உங்க காலும் படத்துல இல்லீங்களே!”

மறுநாளே இரும்புத் தாங்கி வந்தது. தணிகாசலம் ஓய்வுபெற்று எவ்வளவோ வருஷமாச்சு. அந்த ஆலை ஸ்டோரில் இன்றும் யாரும் தாங்கி என்று கேட்பதில்லை. “தணிகாசலம் கால் ஒண்ணு குடுய்யா!” என்று அவர் குரலிலேயே முழங்குகிறார்கள்.