ரீகனின் தாளம்

மாவு மில் கொம்பையாவுக்கு அறுபது வயது. அவருடைய குரு சிவக்கொழுந்து சாமிக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் மில்லைப் பூட்டியதும் மடத்துக்குப் போய் அவர் முன்னால் சம்மணமிட்டு உட்காருவதில் கொம்பையாவுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. சாமியும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

கொம்பையாவுக்கு இன்னொரு பக்தியும் உண்டு. அது ஊரின் கூடைப்பந்து அணி. ஆட்டத்தின்போது கேலரியில் டிரம் அடிப்பவர் அவர்தான். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு தாளம் வைத்திருந்தார். பந்து கூடையில் விழுந்ததும், வெளியே கடலை விற்பவருக்குக்கூட போட்டது யார் என்று அந்தத் தாளமே சொல்லிவிடும். அதிலும் ரீகனின் தாளம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம்.

அந்த ரீகனைத்தான் லீக் பாதியில் இருக்கும்போது துறைமுக அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மாதேஷ் என்பவனை வாங்கிக்கொண்டார்கள். விதிப்படி அது சரி. கொம்பையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"டிரம்மைத் தூக்கிப் பரண்ல போடப் போறேன், சாமி."

"ஏன், கிழிஞ்சிருச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு. ரீகனக் கொடுத்துட்டாவளே. அடுப்புல கொதிக்கிற கொழம்ப இறக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்த மாதிரி."

"அவங்களும் பதிலுக்கு ஒரு கொழம்பு கொடுத்தாங்களாமே. அது எப்படி இருக்கு?"

"தொட்டுப் பாக்கல."

"அப்படின்னா?"

"அவன் கைக்குப் பந்து வந்தா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவேன். அவனுக்குன்னு தாளமும் வைக்கல."

"அவன் கூடை போட்டா?"

"கேலரி கம்முனு இருக்கும். நான் அடிக்காம யாரு கத்துவா?"

சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கமும் வந்தது. அதை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கேன், சாமி. சட்டை இங்க இருக்கு, ஆளு போயிட்டான். போன ஆளு வேற சட்டையில நிக்கான். நான் யாருக்கு அடிக்க? ஆளுக்கா, சட்டைக்கா? நீங்க சொல்லாம நான் இனி டிரம்மைத் தொட மாட்டேன்."

வாலிபத்திலிருந்து அடித்து வருகிற மனுசன். டிரம்மை விட்டால் அவருக்கு மில்லும் வீடும்தான் மிச்சம். சாமிக்கு அது தெரியும்.

"ஞாயித்துக்கிழமை துறைமுக அணியோட ஆட்டமாமே. என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான் பாத்ததே இல்ல."

"டிரம்மு?"

"அதையும் கூட்டிட்டு வாங்க."

ஞாயிறு மாலை கேலரி நிரம்பி வழிந்தது. சாமி ஒரு பொட்டலம் கடலை வாங்கிக்கொண்டு கொம்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பந்தை ஏன் தட்டிக்கொண்டே போகிறார்கள், கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் என்ன என்று கேட்டார். கொம்பையா எரிச்சலை அடக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

ரீகன் துறைமுக அணியின் நீலச் சட்டையில் இறங்கினான். இளவட்டங்கள் சிலர் ஊளையிட்டார்கள். கொம்பையா தலையைக் குனிந்துகொண்டார். டிரம் அவர் மடியில் சும்மா கிடந்தது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. கூடைக்கு அடியில் மாதேஷிடம் பந்து வந்தது. சாமி ஏதோ கேட்டதால் கொம்பையா அந்த முறை முகத்தைத் திருப்ப மறந்துவிட்டார். இரண்டு பேர் மாதேஷை மறித்து நின்றார்கள். அவன் உடம்பை வலப்பக்கம் சாய்த்தான். இரண்டு பேரும் வலப்பக்கம் பாய்ந்தார்கள். பந்து எப்போது இடக்கைக்கு மாறியது என்று யாருக்கும் தெரியாது. கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போட்டான். அழகென்றால் அது அழகு.

டிரம் முழங்கியது. அடித்தது கொம்பையாவின் கை. அடித்தது ரீகனின் தாளம்.

கேலரி அப்படியே உறைந்துபோனது. பாதித் தாளத்தில் கொம்பையாவுக்கும் உறைத்து, கை நின்றுவிட்டது.

மைதானத்தின் மறுபக்கத்தில் ரீகன், தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பினான். டிரம்மைப் பார்த்தான். பந்து போட்ட மாதேஷைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, நின்றுபோன மீதித் தாளத்தைக் கைதட்டியே முடித்துவிட்டு ஓடினான். எதிரணிச் சட்டையில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய ஒரு மனசு வேண்டும்.

அதற்குப் பிறகுதான் கேலரி ஆரவாரம் செய்தது. யாருக்கு இத்தனை சத்தம் என்று மாதேஷ் சுற்றுமுற்றும் பார்த்தான். தனக்குத்தான் என்று புரிய அவனுக்குச் சற்று நேரமானது.

ஊர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ரீகன் நேராகக் கேலரிக்கு ஏறி வந்தான்.

"தப்பா எடுத்துக்கிடாத தம்பி. உனக்கு வச்சதப் போயி அவனுக்கு அடிச்சிட்டேன்."

"அந்தப் பந்துக்கு நானா இருந்தாலும் அதத்தான் அடிச்சிருப்பேன், அண்ணாச்சி."

கொம்பையா நகர்ந்து அவனுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

"அங்க உன்ன நல்லாக் கொண்டாடுதாவளா?"

ரீகன் சிரித்தான். "அங்க மாதேஷ்தான் எல்லாருக்கும் உசிரு. அவனக் கொடுத்துட்டு என்னைய வாங்கிட்டாங்கன்னு கோவம். நான் கூடை போட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"உனக்கா?" கொம்பையா எழுந்தே விட்டார். "அவனுவளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஆட வந்த பிள்ளையோட ஆட்டத்தப் பாக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தா, அவனுவ எல்லாம் என்ன..."

அந்த வாக்கியம் முடியவில்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார். சாமி மும்முரமாகக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் நடந்தே திரும்பினார்கள். டிரம் கொம்பையாவின் தோளில் தொங்கியது. மடத்துத் தெரு முனையில் அவர் நின்றார்.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. ஆளுக்கா, சட்டைக்கா?"

"என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க, அண்ணாச்சி? அந்தப் பந்து விழுந்தப்போ உங்க கை யார்கிட்டயும் கேக்கலையே."