பிரம்மசக்தி கடலில் இறங்கிய கதை

"என் திட்டத்துல என்ன குறை? முதல்ல அதைச் சொல்லு" என்றாள் சிஷ்யை.

குரு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஷ்யையின் பெயர் பிரம்மசக்தி. வயது ஐம்பத்தாறு. தூத்துக்குடியில் பெண்களுக்கென்று டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். குருவின் பெயர் அருள்மதி. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கக் கற்றுத் தருகிறவள். பிரம்மசக்தியின் மருமகள்.

மாமியார் உடைத்தால் மண்குடம் என்பதெல்லாம் அந்த வீட்டில் சமையற்கட்டோடு சரி. தண்ணீர் என்று வந்துவிட்டால் மருமகள் சொன்னதுதான் சட்டம்.

தட்டில் மூன்று முறுக்குகள் வரிசையாக இருந்தன. அதுதான் திட்டம். அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவு, மூன்றே நாள். ஒரு முறுக்கு, ஒரு முங்கு.

"போய் இறங்கின அன்னைக்கே ஒண்ணு" என்று பிரம்மசக்தி மறுபடி விரல் வைத்துக் காட்டினாள். "மறுநாள் ஒண்ணு. கிளம்புற அன்னைக்கு விடியக் காலையில ஒண்ணு. தலையைத் துவட்டிட்டு நேரா ஏர்போர்ட்."

குரு மூன்றாவது முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டாள்.

"ஏட்டி!"

"கடலுக்குள்ள போன உடம்பு உடனே ஆகாசத்துக்குப் போகக் கூடாது அத்தை. ஒரு நாளாவது தரையில கிடக்கணும்."

சிஷ்யை மிச்சமிருந்த இரண்டையும் நேராக்கி வைத்தாள்.

"இப்பம் சரியா?"

"இல்ல."

"இன்னும் என்ன?"

"திரும்பி வாறது இல்லையே."

"ஏர்போர்ட்டுன்னு சொன்னேம்லா! காது கேக்கலியா?"

"அது இல்ல அத்தை."

குரு விரலில் ஒட்டிய முறுக்குத் தூளைத் தட்டினாள். அன்று சாயங்காலமே ஒரு நாள் கூட்டி இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். குருமார்களிடம் இது ஒரு கெட்ட பழக்கம். குறையும் சொல்வார்கள், கூடவும் வருவார்கள்.

*

பிரம்மசக்திக்கு முன்வைத்த காலைப் பின்வைத்துப் பழக்கமில்லை. குறுகலான பாலத்தில் எதிரே வந்த லாரிக்காரன்தான் அவளுக்காக ரிவர்ஸ் எடுத்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அவளிடம் ஸ்டியரிங் பிடிக்கப் படித்த பெண்கள் அந்தக் கதையைச் சொல்லித்தான் தைரியம் வரவழைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அவள் சொல்லியாகிவிட்டது. கடலுக்கு அடியில் நிற்கிற அவளுடைய படம் ஆபீஸ் சுவரில் வரப்போகிறது. ஆணிகூட அடித்தாகிவிட்டது.

தண்ணீருக்குள் பேச முடியாது. விரல்தான் வாய். பயிற்சிக் குளத்தில் குரு முதலில் சொல்லித் தந்தது இரண்டு சைகைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட்டால், எல்லாம் சரி. கட்டைவிரல் மட்டும் மேலே நின்றால், மேலே போவோம்.

முதல் சைகையில் பிரம்மசக்தி புலி. இரண்டாவதை அவள் ஒரு நாளும் காட்டியதில்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, மூக்கில் ஏறி, கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்த அன்றைக்கும் வட்டம்தான் காட்டினாள்.

குரு அன்றைக்கு அதைப் பார்த்தாள்.

*

தீவில் கடல் எண்ணெய் வைத்துச் சீவியது போல இருந்தது.

படகில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும், அவர்களுக்கு ஒரு பயிற்சிக்காரர், படகோட்டி. கரையை விட்டு நகர்வதற்குள் பிரம்மசக்தி தன் வரலாறு முழுவதையும் அவர்களுக்குச் சொல்லி முடித்திருந்தாள். லாரிக் கதை உட்பட.

அவர்கள் மூவரும் முதலில் குதித்தார்கள். பிரம்மசக்தி சிலிண்டரோடு படகின் விளிம்பில் தயாராக உட்கார்ந்தாள்.

குரு தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தன் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நான் இன்னைக்கு இறங்கல."

பிரம்மசக்தி சிரித்தாள். குரு சிரிக்கவில்லை.

"என்னது?"

"இறங்கல அத்தை."

ஜோடியாகத்தான் முங்க வேண்டும். ஒருத்தி இறங்காவிட்டால் இன்னொருத்தியும் இறங்க முடியாது. அது பிரம்மசக்திக்கு நன்றாகவே தெரியும்.

"ஏன்?"

"அதை மட்டும் கேக்கக் கூடாது. வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, இங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டாவ."

"யார்ட்டட்டி பேசுத? நான் உன் மாமியார்!"

"அது கரையில. இங்கன நீங்க என் ஜோடி."

பிரம்மசக்தி படகோட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிப்பார், அல்லது ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று நினைத்தாள். அவர் பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு பேருக்கும் டீ ஊற்றினார்.

மேலே வந்த கோயம்புத்தூர்க்காரர்களும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

கரையில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இப்பம் கரைதான். சொல்லு. அத்தனை பேர் முன்னால வந்துட்டு சும்மா திரும்பிட்டோமே, உனக்கு வெக்கமா இல்லையா?"

"எதுக்கு அத்தை?"

நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாதவள் மாதிரி கேட்டாள். பிரம்மசக்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. அன்று தான் ஏன் கடலில் இறங்கவில்லை என்ற காரணத்தைக் குரு இன்றுவரை சொல்லவும் இல்லை.

*

மறுநாள் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. முதலில் எல்லாம் சுகம். தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து அவளை விசாரித்துவிட்டுப் போயின.

கொஞ்சம் கீழே போனதும் வலது காதுக்குள் ஊசி இறங்கியது.

சொல்லிக் கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதினாள். விடவில்லை. மறுபடி ஊதினாள். ஊசி இன்னும் உள்ளே போயிற்று.

கீழே பவளப் பாறைகள் தெரிந்தன. எட்டிக் கால் வைத்துவிடலாம் போல. கோயம்புத்தூர்ப் பெண் அங்கே போய் நின்றுகொண்டு கையை ஆட்டினாள். அவர்களுடைய பயிற்சிக்காரர் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

குரு அவள் முகத்துக்கு நேரே வந்து வட்டம் காட்டினாள். எல்லாம் சரியா?

பிரம்மசக்தியின் விரல்கள் தாமாகவே வளைந்தன. அவளுக்கு அந்த ஆணி ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்தால் போதும். நாளைக்கு முங்க முடியாது. இதை விட்டால் வெறுங்கைதான். அவளிடம் படித்த பெண்கள் எல்லோரும் படம் எங்கே என்று வாசலிலேயே நிற்பார்கள்.

வட்டம் முக்கால்வாசி வந்துவிட்டது.

அவள் அதைக் கலைத்தாள். கையை மடக்கி, கட்டைவிரலை மேலே நிறுத்தினாள்.

குரு தலையைச் சாய்க்கவில்லை. புருவத்தைத் தூக்கவில்லை. உடனே தானும் கட்டைவிரலை நிறுத்தினாள். இரண்டு பேரும் கயிற்றோடு மெல்ல மேலே வந்தார்கள்.

படகோட்டி கை கொடுத்துத் தூக்கிவிட்டார். டீ ஊற்றினார்.

அழுகை வரும் என்றுதான் பிரம்மசக்தி காத்திருந்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துகொண்டு வந்தது. முதன்முதலாக லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கு இப்படி இருந்தது. இதற்குப் போய் ஏன் பெருமைப்படுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

கரைக்கு வந்ததும் போன் அடித்தது. காந்திமதி. பிரம்மசக்தியிடம் ஓட்டப் படித்து இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள்.

"அக்கா, கடலுக்கு அடி எப்படி இருந்துச்சு?"

"தெரியாது" என்றாள் பிரம்மசக்தி.

"என்னக்கா சொல்லுதிய?"

"பாதியில காது வலிச்சுது. மேல போவோம்னு சொல்லிட்டேன். என் மருமவ ஒரு வார்த்தை கேக்கல, கூடவே வந்துட்டா."

கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். அந்தப் பெண் கைதட்டினாள்.

*

மூன்றாம் நாள் குருவும் சிஷ்யையும் மணலில் கிடந்தார்கள். அன்று தரையில் கிடப்பது மட்டும்தான் வேலை. மறுநாள்தான் விமானம்.

"காது எப்படி இருக்கு அத்தை?"

"இப்பம் தேவலை." பிரம்மசக்தி காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். "சரி, படமும் இல்ல, பவளமும் இல்ல. பாதிக் கிணறு தாண்டின கதைதான். நான் பாஸா, ஃபெயிலா? டெஸ்ட்டு வைக்கிற ஆள் நீதானே, சொல்லிப்போடு."

குரு மணலில் புரண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒரு இடத்துக்குப் போகணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன். நல்ல ஆழம். சொல்லிக் குடுக்கப் போகல, எனக்கே எனக்காக. நீங்க நல்லாப் பழகி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கேன். என் ஜோடியா வாறியளா?"

பிரம்மசக்தி எழுந்து உட்கார்ந்தாள். முதுகெல்லாம் மணல்.

"நானா? நேத்து பாதியில ஏறி வந்தவட்டயா கேக்க? உன்கூட முங்க ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"முங்குறதுக்கு ஆள் நிறைய இருக்கு அத்தை" என்றாள் குரு. "திரும்பி வாறதுக்குத்தான் இல்ல."