அரை நாழிகைக்கு ஓர் அம்பு

முன்னொரு காலத்தில் வெண்பாறை நாட்டைக் கடம்பராயன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் புதிதாக ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால், அதை வைத்து ஊரை ஒரு வழி பண்ணாமல் விடமாட்டான். அந்த ஆண்டு அவனுக்குக் கிடைத்தது ஒரு நாழிகை வட்டில். அடியில் ஊசித் துளை போட்ட செப்புக் கிண்ணம் அது. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால், மெல்ல நிறைந்து மூழ்க ஒரு நாழிகை ஆகும்.

அவையில் குழைக்காதர் என்றொரு பிரதானி இருந்தார். அரசனைப் புகழ்வது அவருக்கு முழுநேர வேலை, பிறரைக் குறை சொல்வது ஓய்வுநேர வேலை. ஒருநாள் அரசன் ஆயுதப் பட்டறைக் கொல்லர்களைப் பாராட்டிவிட்டான். பிரதானிக்கு வயிறு எரிந்தது. வட்டிலையும் தொட்டியையும் தூக்கவைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அங்கே பேச்சிமுத்து ஆசாரியிடம் ஓர் அம்புமுனை அடிக்கச் சொன்னார். அரண்மனை அதிகாரி எதிரில் நிற்கிறாரே என்று அந்த அப்பாவி, ஏற்கெனவே காய்ந்து சிவந்திருந்த இரும்பை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தான். வட்டில் பாதி நிறைவதற்குள் முனை தயாராகிவிட்டது.

குழைக்காதர் அரசனிடம் ஓடினார். "அரசே, அரை நாழிகைக்கு ஓர் அம்பு. பகலுக்கு முப்பது நாழிகை. ஆளுக்கு அறுபது வரவேண்டும். இவர்கள் தருவதோ இருபத்தெட்டு. மீதி நேரம் தூக்கம்தான்."

அரசனுக்கு உடனே கோபம் வந்தது. "பௌர்ணமிவரை பார்ப்பேன். நாளுக்கு அறுபது அடிக்காதவன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றான்.

பட்டறை படாத பாடு பட்டது. பேச்சிமுத்து சோறு தண்ணீர் இல்லாமல் அடித்தும் நாற்பத்தொன்றுக்கு மேல் போகவில்லை. அதிலும் பாதி, தட்டினால் விரிசல் விட்டது. துருத்தி ஊதும் அவன் மனைவி உலகம்மைக்கு ஆத்திரம் பொங்கியது.

"பெரிய மனுசன் பாக்கிறாருன்னு வீரத்தைக் காட்டுனீங்களே, இப்ப தெருவே மூட்டை கட்டுது" என்று புருஷனை ஒரு பிடி பிடித்துவிட்டு, நேராக அரண்மனைக்கு நடந்தாள்.

"மகாராசா, பிரதானி ஐயா கணக்கு ரொம்ப நல்ல கணக்கு. அதை எல்லா வேலைக்கும் வச்சா நாடு செழிக்கும். மொதல்ல ஐயா வேலையையே அளந்து பாத்திருவோமா?"

அரசன் கண்கள் மின்னின. வட்டில் வந்தது. "புகழும், குழைக்காதரே."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அள்ளிவிட்டார். வட்டில் கால்பங்கு நிறைவதற்குள் இருபது புகழுரை வந்து விழுந்தது. பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

"கால் நாழிகைக்கு இருபது. அப்போ பகலுக்கு ரெண்டாயிரத்து நானூறு" என்றாள் உலகம்மை. "சொன்னதையே சொல்லக்கூடாது. அது பழைய அம்பைத் திருப்பி அடுக்குற மாதிரி."

"சரியாகச் சொன்னாள். தண்டனையும் அதேதான். நாளை காலை தொடங்கும்" என்றான் அரசன். புகழ் கேட்பதென்றால் அவனுக்குக் கசக்குமா?

மறுநாள், முதல் நாழிகை தேனாக ஓடியது. இரண்டாவதில் சொல் தடுக்கியது. மூன்றாவதில் பிரதானி தண்ணீர் கேட்டார்.

"தண்ணி குடிக்கிற நேரம் உங்க கணக்குல இல்லையே, ஐயா" என்றாள் உலகம்மை.

"யோசிக்கவாவது..."

"எங்க இரும்பு காய்றதுக்கும் அதுல நேரம் இல்லைங்க."

பாவம், வாயில் வந்ததெல்லாம் வெளியே வந்தது. "அரசருக்கு இரண்டு காதும் ஒரே அளவு. அரசர் தும்மினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அரசர் தொந்தி... தொந்தி வெகு உறுதி."

அவை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அரசன் முகம் சிவந்தது. பிரதானி தொப்பென்று அவன் காலில் விழுந்தார். "முடியவில்லை பிரபு. என்னை நாட்டைவிட்டு அனுப்பிவிடாதீர்கள்."

"அவசரத்துல அடிச்சா விரிசல் விடும், மகாராசா" என்றாள் உலகம்மை. "எங்க ஆளுங்க சோம்பேறி இல்ல."

தன் அவசரம் அரசனுக்கே வெட்கமாக இருந்தது. "பின்னே எப்படி அளப்பது, அம்மா?"

"ஒருத்தரை ஒருதடவை அளந்தா ஆகாது. கிழவனையும் அளக்கணும், வாலிபனையும் அளக்கணும். காலையிலும் பாக்கணும், உச்சி வெயில்லயும் பாக்கணும். கரி போடுறது, முதுகு நிமித்துறது, கூழ் குடிக்கிறது எல்லாத்தையும் சேக்கணும்."

"குழைக்காதரே, பத்து நாள் பட்டறையில் உட்கார்ந்து அப்படியே அளந்து வாரும். கை சும்மா இருக்கும் நேரத்தில் துருத்தி ஊதும்."

பதினோராம் நாள், முகமெல்லாம் கரியோடு பிரதானி வந்து நின்றார். "ஆளுக்கு இருபத்தாறு, அரசே. இருபத்தெட்டு அடித்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள்." அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான புகழ் அதுதான்.

அரசன் தண்டனையை ரத்துசெய்து, நாழிகை வட்டிலை உலகம்மைக்கே பரிசாகக் கொடுத்தான். சில நாள் கழித்து, அதை வைத்து என்னதான் அளக்கிறாள் என்று பார்க்கப் பட்டறைக்கு வந்தான்.

பேச்சிமுத்து துளையை ஈயம் வைத்து அடைத்திருந்தான். உலகம்மை அதில் நிறையக் கம்பங்கூழ் ஊற்றி அரசனிடம் நீட்டினாள்.

"மெதுவா குடிங்க, மகாராசா. இங்க யாரும் எண்ணல."